ஆபீஸ் சர்வரை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிலிருந்து பத்து சர்வர் வரை வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களுக்காக எழுதியது இது. பின்னறையில் டேலி ஓடும் ஒரு விண்டோஸ் பெட்டி, மாத வாடகைக்கு எடுத்த இரண்டு லினக்ஸ் விபிஎஸ் (ஒரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர்), இந்த அளவுதான். ஐநூறு சர்வர் வைத்திருப்பவர்களிடம் இதற்கென்றே தனி ஆட்கள் இருப்பார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை வந்தபடியே போட்டிருக்கிறேன், வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எந்த மென்பொருள் நல்லது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

லினக்ஸ் என்றால் எஸ்எஸ்ஹெச், அதாவது தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி. விண்டோஸ் என்றால் ஆர்டிபி, தொலைவிலிருந்து திரையையே பார்க்கும் வழி. இரண்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம், சிஸ்டத்தோடே வருபவை. இதைத் தாண்டி எதை வாங்கினாலும் ஏன் வாங்குகிறோம் என்று ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஆனால் மென்பொருள் தேடும் நேரத்தில் பாதியையாவது வேறு இரண்டு கேள்விகளுக்குக் கொடுங்கள். இந்த வாசல் வரைக்கும் யார் யார் வர முடியும்? வாசல் அடைத்துக்கொண்டால் நான் எந்த வழியாக உள்ளே போவேன்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை, ஒரு முறை மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள்.

ரூட்டரில் 3389-ஐத் திறந்துவிட்டால் ஆர்டிபியில் எங்கிருந்தும் வரலாமே?

வரலாம். உங்களோடு சேர்ந்து ஊரே வரலாம். 3389 ஆர்டிபியின் வழக்கமான போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) என்பது உலகத்துக்கே தெரியும். இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். அப்புறம் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரைப் போட்டு, பாஸ்வேர்ட் இடத்தில் அகராதியையே ஒப்பிக்க ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். தோற்றுப்போன லாகின் ஒவ்வொன்றும் அந்த எண்ணில்தான் பதிவாகும். ஒரு அலுவலகத்தில் இதைக் காட்டினேன். உரிமையாளர் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார், அன்றைய தேதியைத் தாண்டவே அவருக்கு நேரம் பிடித்தது.

பாஸ்வேர்ட் பலமாக இருக்கிறதே என்பார்கள். 2019 மே மாதம் வெளியே தெரிந்த புளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஆர்டிபி கேட்டுக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸ் ஒன்று கிடைத்தால் போதும், லாகின் செய்யாமலே உள்ளே நுழையலாம் என்ற நிலை. ஆதரவு முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது. விஷயம் அவ்வளவு தீவிரம்.

ஆகவே ஆர்டிபியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தெருவைப் பார்க்க வைக்காதீர்கள். முன்னால் ஒரு விபிஎன், அதாவது அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையும் தனிப் பாதை, போடுங்கள். என் கை போவது வயர்கார்டு என்ற விபிஎன் பக்கம். 2020-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது, அமைப்பதும் எளிது. அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு: சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. துழாவுபவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. விபிஎன்னுக்குள் நுழைந்த பிறகு ஆர்டிபியை வழக்கம்போலத் திறந்துகொள்ளலாம்.

போர்ட் எண்ணை 3389-லிருந்து வேறு எதற்காவது மாற்றிவிட்டால்?

லாகின் பதிவேட்டில் குப்பை குறையும். பாதுகாப்பு அதிகமாகாது. வீட்டைப் பூட்டாமல் கதவு எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது மாதிரி.

எங்கள் பிராட்பேண்டில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் சர்வருக்குத் திருப்பிவிடுவது) வேலையே செய்யவில்லை. ரூட்டர் பழுதா?

பெரும்பாலும் ரூட்டர் மேல் தப்பில்லை. உங்களுக்கென்று தனிப் பொது ஐபி இல்லை, அவ்வளவுதான். ஐபி முகவரிகள் பற்றாக்குறை என்பதால் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரூட்டர் வரைக்கும் வராது, நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் சரி.

வழிகள் மூன்று. கூடுதல் பணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்கலாம். குறைந்த விலையில் ஒரு விபிஎஸ் எடுத்து அதில் வயர்கார்டு போட்டு, ஆபீஸ் சர்வரை உள்ளிருந்து அதோடு இணைக்கலாம். வெளியே போகும் இணைப்புக்குத் தடை ஏதும் இல்லையே. விபிஎஸ்ஸும் வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை. அதுவும் அடியில் வயர்கார்டுதான், பெட்டிகளை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தும் வேலையை மட்டும் அவர்கள் செய்கிறார்கள். அந்த அறிமுகத்துக்கு அவர்களை நம்ப வேண்டியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நான் சொல்வது இரண்டாவது வழி. சனிக்கிழமை மதியம் ஒன்று செலவாகும், அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு சிரமம்?

உண்மையிலேயே வசதியான மென்பொருள்கள் அவை. போர்ட், ஐபி எதுவும் தெரிய வேண்டாம், எண்ணைச் சொன்னால் திரை வந்துவிடும். எதிர்முனையில் ஆள் உட்கார்ந்து 'சரி' அழுத்தும் வேலைக்கு நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். அக்கவுன்டன்ட் அம்மாவின் பிரின்டரைச் சரி செய்ய யார் விபிஎன் போடுவார்கள்?

ஆளில்லாத சர்வரில், நிரந்தர பாஸ்வேர்ட் வைத்து, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடுவது வேறு கதை. அப்போது உங்கள் சர்வரின் சாவியில் ஒரு பிரதி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் திருட்டு நடந்தால் உங்கள் வயிற்றிலும் புளி கரையும். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சிஸ்டங்களுக்குள் யாரோ நுழைந்ததை அறிவித்து, பாதுகாப்புச் சான்றிதழ்களை ரத்து செய்து, தன் இணையதளக் கணக்குகளின் பாஸ்வேர்ட்களையும் செல்லாததாக்கியது. அதே மாதம் ஸ்க்ரீன்கனெக்ட் என்ற இதே வகை மென்பொருளில் ஒரு ஓட்டை வெளிவந்தது. முதன்முதலில் நிறுவும்போது மட்டும் வர வேண்டிய பக்கத்தை, முகவரியை லேசாக மாற்றித் தட்டி யார் வேண்டுமானாலும் திரும்பத் திறக்கலாம், தனக்கென்று புதிய அட்மின் கணக்கையும் உருவாக்கிக்கொள்ளலாம். ஆபத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பெண்ணில் பத்துக்குப் பத்து வாங்கியது அது.

கசேயா கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வாடிக்கையாளர்களின் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஐடி நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அவர்களுடையது. 2021 ஜூலை 2-ஆம் தேதி, அமெரிக்காவில் நீண்ட வார விடுமுறை ஆரம்பிக்கும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, ரெவில் என்ற கூட்டம் அந்த மென்பொருள் வழியாகவே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பியது. சுவீடனில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடரின் சுமார் 800 கடைகள் மூடிக் கிடந்தன. கூப் கசேயாவிடம் எதையும் வாங்கவில்லை. அவர்களுடைய பில்லிங் இயந்திரங்களைப் பராமரித்த நிறுவனம்தான் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. உங்கள் சர்வரை ஒரு வெண்டர் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர் எதை வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்ஹெச்சுக்கு பாஸ்வேர்ட் போதுமா, சாவிதான் வேண்டுமா?

சாவி, அதாவது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு ரகசியக் கோப்பு. பாஸ்வேர்டை ஊகிக்கலாம், எட்டிப் பார்க்கலாம், வேறு எங்கோ கசிந்ததை இங்கே போட்டுப் பார்க்கலாம். சாவிக்கோப்பை ஊகிக்க வழியில்லை. எஸ்எஸ்ஹெச்சின் பிறப்பே பாஸ்வேர்ட் திருட்டில்தான். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் போகும் பாஸ்வேர்ட்களை யாரோ ஒட்டுக்கேட்டுவிட, அங்கே இருந்த தாத்து உலோனன் 1995-இல் இதை எழுதினார். அதுவரை எல்லோரும் டெல்நெட் என்ற பழைய முறையில் பாஸ்வேர்டைத் திறந்த அஞ்சலட்டை மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போர்ட் எண்களில், கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவே 22 காலியாக இருந்தது. கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

சாவி உருவாக்கும்போது எட்25519 வகையைத் தேர்ந்தெடுங்கள். சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் வையுங்கள், லேப்டாப் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும். புட்டி (விண்டோஸில் எஸ்எஸ்ஹெச்சுக்கான தனி மென்பொருள்) தேவையா என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸ் 10-லேயே எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் உள்ளே வந்துவிட்டது. பழகிய கை என்றால் புட்டியும் தப்பில்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. முக்கியக் கட்டமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் லாகினை 'நோ' என்று மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். ஆனால் உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒரு துணை ஃபோல்டரைச் சேர்க்கும் வரி இருக்கிறது. வாடகை விபிஎஸ்களில் அந்த ஃபோல்டருக்குள், சர்வரை முதலில் அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற புரோகிராம் வைத்த கோப்பு ஒன்று 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்ஹெச் முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், பின்னால் நீங்கள் எழுதிய 'நோ' வெறும் அலங்காரம். மாற்றியபின் சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து முயன்று பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஃபயர்வால் விதியை மாற்றினேன், என் இணைப்பே துண்டித்துவிட்டது. இனி என்ன செய்வது?

உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாத ஆள் இந்தத் தொழிலில் கிடையாது. இப்போதைக்கு: விபிஎஸ் என்றால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் லாகின் செய்து கன்சோல் என்ற பொத்தானைத் தேடுங்கள். நெட்வொர்க்கைத் தொடாமல், மானிட்டரை நேரே மாட்டியது போல உள்ளே விடும். ரூட் (லினக்ஸின் தலைமைக் கணக்கு) பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்க வேண்டும். சாவியை நம்பி அதை மறந்துபோனவர்கள் இந்த இடத்தில்தான் தலையில் கை வைப்பார்கள். பின்னறைப் பெட்டி என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போக வேண்டியதுதான்.

அடுத்த முறைக்கு மூன்று பழக்கங்கள். எஸ்எஸ்ஹெச் அமைப்பையோ ஃபயர்வாலையோ தொடும்போது, இருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொரு ஜன்னலைத் திறந்து புதிதாக உள்ளே வந்து பாருங்கள். எஸ்எஸ்ஹெச் சேவையை மறுபடி துவக்கினாலும் ஏற்கனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துபோகாது, அதுதான் உங்கள் பிடி. இரண்டாவது, விதியை மாற்றும் முன்பே, பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவரும்படி 'அட்' கட்டளையில் ஒரு வேலையைப் போட்டு வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிடலாம். வெளியே மாட்டிக்கொண்டால் டீ குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்புக்கு இதே யோசனையை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்: 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால், 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி மாறிவிடும். ஜூனிப்பர் ரூட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்பதும் இதுதான், அங்கே பத்து நிமிடம்.

மூன்றாவது பழக்கம், பிரதான வழியைச் சாராத இன்னொரு வழி. சின்ன ஆபீஸுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் 2021 அக்டோபர் 4-ஐச் சொல்வேன். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் கிடையாது. அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் சேர்ந்தே படுத்துவிட்டது. கடைசியில் ஆட்கள் நேரில் போனார்கள். டேட்டா சென்டர்களுக்குள் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாதபடி கட்டியிருந்ததால் அதற்கும் நேரமானது. மாற்று வழி இருந்தால் மட்டும் போதாது, அது முதல் வழியோடு சேர்ந்து சாகக் கூடாது. ஆபீஸ் பிராட்பேண்டில் ஓடும் விபிஎன்னுக்கு மாற்றாக அதே பிராட்பேண்டில் எனிடெஸ்க் வைப்பது மாற்று வழி ஆகாது. பழைய ஆண்ட்ராய்டு போனில் வேறு நிறுவனத்தின் சிம் போட்டு ஹாட்ஸ்பாட்டாக அருகில் வைத்தால் அது ஓரளவு மாற்று வழி.

சர்வர் பூட்டே ஆகாமல் நின்றுவிட்டால் எந்த மென்பொருள் உதவும்?

சர்வருக்குள் ஓடும் எதுவும் உதவாது. விண்டோஸ் எழுந்தால்தானே ஆர்டிபி எழும்? அதற்காகத்தான் சர்வர் போர்டுகளில் தனியாக ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. டெல்லில் ஐட்ராக், ஹெச்பியில் ஐலோ. அதற்கென்று தனி நெட்வொர்க் துளை உண்டு, பிரதான சிஸ்டம் செத்துக் கிடந்தாலும் அது விழித்திருக்கும். பவரை அணைத்துப் போடலாம், பயாஸை (கணினி எழும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரை) பார்க்கலாம், சிடி வைத்தது போல ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து பூட் செய்யலாம். திரையைத் தொலைவிலிருந்து பார்க்கச் சில மாடல்களில் தனி லைசென்ஸ் வேண்டும், வாங்கும்போதே கேளுங்கள். இதையும் இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. சர்வரையே விட அதிக அதிகாரம் உள்ள பெட்டி இது.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. தீர்வு ஒரே ஒரு கோப்பை நீக்குவதுதான். ஆனால் பூட் ஆகாத கணினிக்கு அதைத் தொலைவிலிருந்து சொல்ல வழியில்லாததால், பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு பெட்டியாகப் போய் சேஃப் மோடில் எழுப்ப வேண்டியிருந்தது. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்த இடங்களில் மீட்புச் சாவியையும் தேட வேண்டியிருந்தது. அந்தச் சாவிகளை அதே விழுந்த சர்வர்களில் சேமித்தவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட் போய்விட்டது. வேலையும் போய்விட்டதா?

நேரடியாக எஸ்எஸ்ஹெச் ஜன்னலில் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். டிமக்ஸ் என்ற லினக்ஸ் கருவியைப் போடுங்கள். அதற்குள் ஆரம்பித்த வேலை சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆர்டிபியில் இணைப்பு போனாலும் செஷன் உயிரோடு இருக்கும், அங்கே கவலை குறைவு.

விண்டோஸ் சர்வரில் மூன்றாவது ஆள் லாகின் செய்ய முடியவில்லை. ஏன்?

நிர்வாகத்துக்காக இரண்டு பேர் மட்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதுதான் விதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவி, தலைக்கொரு லைசென்ஸ் வாங்க வேண்டும். நிறுவியபின் 120 நாள் சலுகைக் காலம் உண்டு. 121-ஆம் நாள் காலையில் எனக்கு போன் வரும். 'ஒரு சின்ன ஃபைலை மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லைசென்ஸ் மீறல் ஒரு பக்கம், சிஸ்டம் கோப்பையே யாரோ முகம் தெரியாத ஆள் கொடுத்ததால் மாற்றிக்கொள்கிறீர்கள் என்பது இன்னொரு பக்கம்.

தப்பான சர்வரில் கட்டளை கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

நல்ல பயம், வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்தது இது. இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்க நினைத்த இன்ஜினியர், பிரதான சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புகள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று, ஒவ்வொரு சர்வரின் கட்டளை வரியும் பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது. நான் நிஜ சர்வர்களுக்குச் சிவப்பும், சோதனை சர்வர்களுக்குப் பச்சையும் வைத்திருக்கிறேன். விண்டோஸில் வால்பேப்பரையே சிவப்பாக்கி, சர்வர் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கிறேன். அப்படி வைக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஆர்டிபி முழுத்திரையில் இருப்பதை மறந்து, என் லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து வாடிக்கையாளரின் சர்வரை ஷட்டவுன் செய்தேன். ஏன் அணைக்கிறீர்கள் என்று அது காரணம்கூடக் கேட்டது. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகேயும் அழுத்தினேன். திரை போனபின் அடியில் என் லேப்டாப் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று இரவு 40 கிலோமீட்டர் பைக் பயணம், ஒரு பொத்தானை அழுத்த.

லினக்ஸ் சர்வரில் டெஸ்க்டாப் போட்டு விஎன்சியில் (திரையைத் தொலைவில் காட்டும் இன்னொரு முறை) பார்க்கலாமா?

தேவையில்லை. பழைய வகை விஎன்சி பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துதான் கணக்கு, நீங்கள் இருபது வைத்தாலும். கட்டாயம் வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் சுரங்கத்துக்குள் விட்டு ஓட்டுங்கள்.

வேலையை விட்டுப் போனவரிடம் எல்லா பாஸ்வேர்டும் இருக்கிறதே?

ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவி என்று இருந்தால் இந்தக் கேள்வியே வராது. அவருடையதை நீக்கினால் முடிந்தது. எல்லோரும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வந்தால், யார் போனாலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், தப்பு நடந்தால் யார் செய்தது என்றும் தெரியாது. விபிஎஸ் நிறுவனத்தின் இணையதள லாகின், டொமைன் கணக்கு, ரூட்டர் பாஸ்வேர்ட் மூன்றும் பட்டியலிலிருந்து நழுவிவிடும், கவனம். போனவர் நல்லவராக இருந்தாலும் மாற்றுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் அவர் மேல் பழி வராமல் இருக்க அதுவே உதவி.

சர்வர் பதிவேடுகளை (லாக்) எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் என்றால், 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு 180 நாள் என்கிறது. பட்டியலிட்ட வகைத் தாக்குதல் நடந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். சர்வர் நேரம் சரியாக ஓட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அது முக்கியம்தான், பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தின் பதிவை வைத்து எதையும் கோர்க்க முடியாது. பதிவுகளை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான்.

கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழுந்துகொள்ளுமா?

சொல்லி வைத்தால் எழும். பயாஸில் பவர் திரும்பினால் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 'ஆன்' என்று மாற்றுங்கள். யுபிஎஸ்ஸில் சர்வரை மட்டும் மாட்டிவிட்டு ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சுவரில் நேராக மாட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஓடும் சர்வரின் வயரைப் பிடுங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டிவிட்டு, பட்டனைத் தொடாமல் வெளியே போய் மொபைல் நெட்டிலிருந்து உள்ளே வர முயலுங்கள். சில பழைய போர்டுகள் அங்கேயே நின்றுகொண்டு, கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 அழுத்தவும் என்று சொல்லும். அதற்கும் பயாஸில் ஓர் அமைப்பு உண்டு.